கல்குவாரிப் பக்கம் நீர்ப் பிளவு தேடும்போது வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்துவது எப்படி

வவுனியா, ஓமந்தை, செட்டிகுளம், நெடுங்கேணி என்று கருங்கல் உடைக்கிற குவாரி எங்கே இருந்தாலும் இரண்டு முறைப்பாடு வரும். மாரியில் குவாரிக்காரர் குழிக்குள் தண்ணீர் பாய்கிறது, இறைத்து மாளவில்லை என்பார். கோடையில் பக்கத்து ஊரவர்கள் எங்கள் கிணறு இறங்கிவிட்டது என்பார்கள். பல இடங்களில் இரண்டுக்கும் காரணம் ஒரே பிளவுதான். அந்தப் பிளவு எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, அதில் தண்ணீர் நிற்கிறதா அல்லது களி அடைத்துக் கிடக்கிறதா என்பதை நிலத்துக்கு மேலே நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனால் கருவியைக் கொண்டுபோய் வைத்தவுடன் விடை வருவதில்லை. வருகிற எண்ணில் பாதி நிலத்தைப் பற்றியது, மீதி உங்கள் வயரையும் பக்கத்து வேலியையும் பற்றியது. எது எதைப் பற்றியது என்று பிரிக்கத்தான் இந்தக் குறிப்பு. ஏற்கெனவே ஒரு தடவையாவது மின்தடை அளவை (நிலத்துக்குள் மின்சாரம் ஏற்றி, நிலம் அதை எவ்வளவு மறிக்கிறது என்று அளப்பது) செய்தவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அரிச்சுவடியில் இருந்து தொடங்கவில்லை.

நிலத்தைப் பற்றி மட்டும் ஒன்று. வவுனியாவும் அதைச் சுற்றிய பெரும்பகுதியும் வன்னித் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் சொல்லும் பழைய உருமாறிய பாறை, பெரும்பாலும் கருங்கல் வகை நைஸ். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமே கிடையாது. மேலே உக்கிப்போன பகுதியில் கொஞ்சம் நிற்கும், கீழே வெடிப்புகளிலும் பிளவுகளிலும் நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் தேடுவது பல இடங்களில் சில மீற்றர் அகலமே உள்ள, செங்குத்தாகவோ சரிந்தோ இறங்கும் ஒரு ஒடுக்கமான வலயம். 20 மீற்றருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு நடந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கருவியை இறக்குவதற்கு முன்

இரண்டு விசயம், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. முதலாவது, போகிற காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பாதையோரம் சரியாக இருக்கலாம், ஆனால் உங்கள் 400 மீற்றர் அளவீட்டுக் கோடு பாதையோரத்தோடு நிற்காது, பற்றைக்குள் போகும், அங்கே இரும்புக்கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கப்போகிறீர்கள். இரண்டாவது, குவாரியில் வெடி வைக்கும் நாளில் நிலத்துக்குள் மின்சாரம் ஏற்றாதீர்கள். மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டர் போட்ட துளைகள் தயாராக இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று நானூறு ஐந்நூறு வோல்ற்றை நிலத்தில் செலுத்தினால் அந்த ஓட்டம் எந்த வயரில் ஏறும் என்று யாராலும் உத்தரவாதம் சொல்ல முடியாது. குவாரிப் பொறுப்பாளரிடம் முதல்நாளே பேசி, துளைகள் வெறுமையாக இருக்கிற நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆடு மாடு கட்டியிருந்தால், பிள்ளைகள் சுற்றி நின்றால், வெளி மின்வாய் (மின்சாரம் ஏற்றும் கம்பி) இரண்டிலும் ஆள் நிற்க வேண்டும்.

அறிகுறி: நிலத்துக்குள் கரண்ட் ஏறவே இல்லை

ஆவணி, புரட்டாசியில் செய்தால் இது நிச்சயம் வரும். மேல்மண் காய்ந்து கல்லாகக் கிடக்கும், கம்பி முனைக்கும் மண்ணுக்கும் இடையில் காற்றுத்தான் இருக்கும். கருவி ஐந்து மில்லிஅம்பியர்கூட ஏற்றாமல் நிற்கும். வோல்ற்றைக் கூட்டிப் பார்க்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். கம்பியைச் சுற்றிக் கையளவு குழி தோண்டி, உப்புக் கலந்த தண்ணீர் விட்டு, அதே மண்ணைச் சேறாக்கி மிதித்து, கால் மணித்தியாலம் விட்டுப் பிறகு அளவிடுங்கள். போதாவிட்டால் ஒரு கம்பிக்குப் பதில் மூன்று நான்கு கம்பியைக் கோட்டுக்குக் குறுக்காக அடித்து வயரால் இணையுங்கள். வெறும் பாறை தெரியும் இடத்தில் கம்பி இறங்காது, அங்கே களிச்சேற்றில் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கனமாக அப்பி அதன்மேல் தகடு வைத்து அளவிடலாம்.

கிட்டக் கிட்ட வைக்கும் அளவீடுகளில் கம்பியை ஆழமாக அடிக்காதீர்கள். கம்பி இறங்கிய ஆழம் மின்வாய் இடைவெளியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் கணக்கு அதைப் புள்ளியாக எடுக்காது, முதல் சில வாசிப்பு பிழைக்கும்.

அறிகுறி: வாசிப்பு ஆடுகிறது, சில நேரம் மறை எண் வருகிறது

இதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் எண்ணோடு சொல்கிறேன். நான்கு மின்வாயை ஒரே கோட்டில் வைக்கும் ஷ்லம்பர்ஜர் முறையில் வெளி மின்வாய் நடுவில் இருந்து 100 மீற்றர், அழுத்தத்தை அளக்கும் உள் மின்வாய்கள் இரண்டுக்கும் இடைவெளி 10 மீற்றர் என்று வையுங்கள். அப்போது வடிவக் காரணி (மின்வாய்த் தூரங்களில் இருந்து வரும் பெருக்கெண்) ஏறத்தாழ 3134. நிலத்தின் தோற்றத் தடைத்திறன் (நிலம் மொத்தமாகக் காட்டும் மின்தடை அளவு) 300 ஓம் மீற்றர், ஏற்றுகிற ஓட்டம் 50 மில்லிஅம்பியர் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் 4.8 மில்லிவோல்ற். அதே இடத்தில் காய்ந்த மண்ணால் ஓட்டம் 5 மில்லிஅம்பியருக்கு இறங்கினால் கிடைப்பது அரை மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. மேலே போகும் மின்கம்பி ஒன்றின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். இப்போது உள் மின்வாய் இடைவெளியை 40 மீற்றராக்குங்கள், காரணி 754 ஆக இறங்கும், 50 மில்லிஅம்பியருக்கு 20 மில்லிவோல்ற் அளவுக்குக் கிடைக்கும். ஆகவே வாசிப்பு ஆடத் தொடங்கினால் முதலில் ஓட்டத்தைப் பாருங்கள், அடுத்து உள் மின்வாயை விரியுங்கள். விரிக்கும்போது பழைய இடைவெளியிலும் புதிய இடைவெளியிலும் குறைந்தது இரண்டு புள்ளியாவது சேர்த்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைகோட்டின் (வெளி மின்வாய்த் தூரத்துக்கு எதிராகத் தடைத்திறனை வரைந்த கோடு) இரண்டு துண்டை எப்படிப் பொருத்துவது என்று பிறகு தெரியாமல் போகும்.

ஓட்டமும் சரி, இடைவெளியும் சரி, இன்னும் ஆடுகிறது என்றால் சுற்றிப் பாருங்கள். வன்னியில் முதல் சந்தேகம் யானைவேலி. அது ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தடவை துடிப்பு அனுப்பும், அதன் நிலக்கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். வாசிப்பு ஒரே தாளத்தில் குதித்தால் அதுதான். வேலிக்குப் பொறுப்பானவரோடு பேசிப் பகலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வாங்குங்கள், வேலை முடிந்தவுடன் மறக்காமல் போடச் சொல்லுங்கள், இரவில் அந்த வேலிக்குள்தான் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடிமேகம் கட்டும். தூரத்தில் மின்னினாலும் வாசிப்பு குதிக்கும். அந்த மாதங்களில் காலையில் வேலையை முடித்துவிட வேண்டும், இடி கேட்டால் நீளக்கம்பியைத் தொடவே கூடாது.

மறை எண் வந்தால் பல நேரம் வயர் மாறியிருக்கும், அல்லது வயரின் உறை கிழிந்து ஈர மண்ணில் ஒழுகும். கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. உள் மின்வாயையும் வெளி மின்வாயையும் கருவியில் மாற்றிப் பூட்டி அதே அளவீட்டை எடுங்கள். தடை எண் இரண்டு தடவையும் ஒன்றாக வர வேண்டும், அது பௌதிக விதி. வித்தியாசம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் அந்தப் புள்ளியை விளக்கத்துக்கு எடுக்காதீர்கள், ஒழுக்கைத் தேடுங்கள்.

அறிகுறி: குவாரிக்குக் கிட்டக் கிட்டத் தடைத்திறன் எகிறுகிறது

இதைப் பார்த்துவிட்டு "குவாரிப் பக்கம் முழுக் கல், பிளவு இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். குழி என்பது காற்று. காற்றுக்குள் மின்சாரம் போகாது. 20 மீற்றர் ஆழமான குழியின் விளிம்பில், அதற்குச் சமாந்தரமாகக் கோடு போட்டால் ஓட்டம் மறுபக்கம் முழுக்க நெருக்கப்படும், எண் தானாக ஏறும். குழியில் தண்ணீர் நின்றால் எதிர்மாறாக இறங்கவும் கூடும். அதனால் விளிம்போடு கோடு போடாதீர்கள். ஊர்ப் பக்கத்தில் இருந்து தொடங்கிக் குவாரி நோக்கி வரும் கோடாகவும், பிளவு ஓடும் திசைக்குக் குறுக்காகவும் போடுங்கள். குழி ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்குள் இருக்கும் மின்வாய்களின் பெறுமானத்தைச் சந்தேகத்தோடு வையுங்கள். பல மின்வாய் வைத்து இ.ஆர்.டி. படம் (நிலத்தின் மின்தடையைக் குறுக்குவெட்டாகக் காட்டுவது) எடுக்கிறீர்கள் என்றால் நில உயரத்தை அளந்து கணினிக்குக் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் எடுத்த படத்தில் விளிம்புக்குக் கீழே வரும் சிவப்பையும் நீலத்தையும் நம்ப முடியாது.

வெடி வைத்துக் கல் எடுத்த முகத்துக்குப் பின்னால் சில மீற்றருக்குப் புதிய வெடிப்புகள் இருக்கும். மாரியில் அவற்றில் தண்ணீர் நின்று ஒரு ஆழமில்லாத தாழ்வைக் காட்டும். இயற்கைப் பிளவு கீழே தொடரும், வெடியால் வந்தது தொடராது.

அறிகுறி: வளைகோடு 45 பாகையை விடச் செங்குத்தாக ஏறுகிறது

வவுனியாப் பக்கத்தில் சாதாரண வளைகோடு எப்படி இருக்கும் என்றால், காய்ந்த மேல்மண் கொஞ்சம் உயர்வு, உக்கின பகுதி தாழ்வு, பிறகு கல் வந்தவுடன் ஏறும். இரு பக்கமும் மடக்கை அளவுத்தாளில் வரைந்தால் அந்த ஏற்றம் அதிகபட்சம் 45 பாகை. நிலம் தட்டுத்தட்டாக இருக்கிறது என்ற அடிப்படையில் அதற்கு மேல் ஏறவே முடியாது. ஏறினால் நிலம் தட்டாக இல்லை, பக்கவாட்டில் ஏதோ மாறுகிறது, அல்லது உங்கள் மின்வாய் ஒன்று பாறைமுகப்பின் மேல் நிற்கிறது. மின்வாயை நடுப்புள்ளியை மாற்றாமல் 90 பாகை திருப்பி இன்னொரு கோடாக அளவிடுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் அங்கே திசை சார்ந்த ஒன்று, அநேகமாக ஒரு பிளவு அல்லது பாறை எல்லை, இருக்கிறது. இது கெட்ட செய்தி கிடையாது, நீங்கள் தேடுவதே அதைத்தான்.

ஏறும் பகுதியில் ஒரு சின்ன மடிப்பு விழுந்தால் "அந்த ஆழத்தில் ஊற்று" என்று உடனே சொல்லிவிடும் வழக்கம் எங்களுக்குள் பரவலாக இருக்கிறது. ஒரே ஒரு புள்ளி இறங்கியிருந்தால் அது பிளவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் புள்ளியில் மின்வாய் ஒரு புற்றில் நின்றிருக்கலாம், ஒரு வாய்க்காலில் நின்றிருக்கலாம். மூன்று புள்ளியாவது தொடர்ந்து விலக வேண்டும், மின்வாயைத் திரும்ப அடித்து அளந்தாலும் அதே மடிப்பு வர வேண்டும்.

அறிகுறி: தடைத்திறன் அழகாக இறங்கியிருக்கிறது, துளைத்தால் தண்ணீர் இல்லை

இதற்குத்தான் இந்தக் குறிப்பையே எழுதத் தொடங்கினேன். நகையை அடகு வைத்துக் குழாய்க்கிணறு அடித்த குடும்பங்களுக்கு வெறும் தூசும் களியும் வந்த கதை வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறது. தாழ்வான தடைத்திறன் என்றால் மின்சாரம் இலகுவாகப் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணீர் என்று அர்த்தம் இல்லை.

எவை எல்லாம் தாழ்வாகக் காட்டும்? களி 5 இலிருந்து 20 ஓம் மீற்றர் வரை காட்டும். உவர்நீர் அதற்கும் கீழே போகும். காரீயம், அதாவது கிராஃபைட், ஒன்றுக்கும் கீழே இறங்கும். தெற்கே குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ, கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கங்களில் காரீயம் பாறை வெடிப்புகளை நிரப்பித்தான் கிடக்கிறது. அங்கே மின்தடையை மட்டும் வைத்து நீர்ப் பிளவு தேடினால் காரீய நரம்பைத்தான் முதலில் பிடிப்பீர்கள். தண்ணீர் நிரம்பிய வெடிப்புக் கல் இவற்றைப் போல் அவ்வளவு தாழ்வாகக் காட்டாது. முழுக் கல் ஆயிரக்கணக்கில் நிற்கும்போது நீருள்ள வெடிப்பு வலயம் நூறில் இருந்து சில நூறு வரை காட்டுவதுதான் வழக்கம். எனவே 8 ஓம் மீற்றர் வந்தால் துள்ளாதீர்கள். அது பிளவாக இருந்தாலும் களி அடைத்த பிளவாக இருக்க இடமுண்டு. பாறை அரைபட்ட பிளவுகளில் அந்த அரைமாவே களியாகித் தண்ணீரை மறிக்கும், அப்படியான பிளவு குவாரிக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடந்தால் அது இணைப்பாக இல்லாமல் அணைக்கட்டாகவே வேலை செய்யும்.

பிரிப்பது எப்படி? முதல் வேலை சுற்றியுள்ள கிணறுகளில் மின்கடத்துதிறன் பார்ப்பது. கையடக்க மீற்றர் ஒன்று போதும். சென்ரிமீற்றருக்கு 1000 மைக்ரோ சீமன்ஸ் காட்டும் தண்ணீரின் சொந்தத் தடைத்திறன் 10 ஓம் மீற்றர். பத்தாயிரத்தை மீற்றர் காட்டும் எண்ணால் வகுத்தால் வந்துவிடும். தண்ணீரே 10 என்றால், வெடிப்பில் அந்தத் தண்ணீர் நூற்றுக்குச் சில வீதம்தான் இருக்கும், மீதி கல், அப்படியென்றால் அந்த வலயம் 8 காட்ட வழியே இல்லை. இந்த ஒரு கணக்கு பல வீண் துளைகளைத் தடுக்கும்.

அடுத்தது தூண்டல் முனைவாக்கம், ஐ.பி. என்று சொல்வது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நிலத்தில் கொஞ்ச நேரம் தங்கும் அழுத்தத்தை அளப்பது. உங்கள் கருவியில் அந்த வசதி இருந்தால் அதே கோட்டில் எடுத்துவிடலாம். காரீயத்துக்கும் சல்பைட்டுக்கும் அந்தப் பெறுமானம் நன்றாக உயரும், நல்ல தண்ணீருக்கு உயராது. களி இரண்டுக்கும் நடுவில் அப்படியும் இப்படியும் காட்டும், அதனால் களியை இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதிர்வலை முறிவு அளவை (நிலத்தில் அடித்து, அதிர்வு வந்துசேரும் நேரத்தை அளப்பது) செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. முழுக் கல்லில் அலை செக்கனுக்கு 5000 மீற்றர் அளவில் ஓடும், வெடிப்பு வலயத்தில் அது கணிசமாகக் குறையும், மின்தடைத் தாழ்வும் வேகத் தாழ்வும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே கல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தியலும் இரும்புத் தகடும் வைத்தே ஆழமில்லாத பகுதிக்கு இதைச் செய்யலாம், ஆனால் கிரஷர் ஓடும் நேரத்தில் முடியாது.

பிறகு, ஊரில் கேளுங்கள். "தம்பி, அந்தப் பாலை மரத்தடியில வெட்டின கிணறு எந்தக் கோடைக்கும் வத்தாது, இஞ்சால வெட்டினது மாசிக்கே காஞ்சிடும்" என்று ஒரு அம்மா சொன்னால் அது ஒரு அளவீடு. வற்றாத கிணறுகளை வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பாருங்கள், பல இடங்களில் அவை ஒரே கோட்டில் விழும். செய்மதிப் படத்தில் தெரியும் நேர்கோடுகளோடு, நேராக ஓடும் ஓடைத் துண்டுகளோடு அந்தக் கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நிலையம் எடுப்பவர் (கிணற்றுக்கு இடம் பார்ப்பவர்) கவட்டுத்தடியோடு வந்து காட்டிய இடங்களையும் நான் கேட்டுக் குறிப்பேன். தடி என்ன சொன்னது என்பதற்காக இல்லை, அங்கே துளைத்தபோது என்ன வந்தது என்று அவருக்குத் தெரியும். பழைய குழாய்க்கிணறுகளின் துளைப் பதிவு நீர்வளச் சபையிலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் கிடைக்கக்கூடும், கேட்காமல் களத்துக்குப் போகாதீர்கள்.

அறிகுறி: வி.எல்.எஃப். கருவியில் ஒன்றுமே தெரியவில்லை, அல்லது எல்லா இடத்திலும் தெரிகிறது

வி.எல்.எஃப். என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலை. இந்தக் கருவி தானாக எதையும் அனுப்பாது, தூரத்துக் கடற்படை நிலையங்களின் அலையைத்தான் பயன்படுத்தும். பிளவு ஓடும் திசை நிலையத்தை நோக்கி இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். வன்னியில் பலமாகக் கேட்பது திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணம், 18.2 கிலோஹேர்ட்ஸ். வவுனியாவில் இருந்து அது கிட்டத்தட்ட நேர் மேற்கு. ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் பிளவு அதில் தெளிவாக வரும், வடக்குத் தெற்காக ஓடுவது ஏறத்தாழ மறைந்துவிடும். அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனை, 19.8 கிலோஹேர்ட்ஸ், எங்களுக்குத் தென்கிழக்கில் இருக்கிறது, வடமேற்கு தென்கிழக்குப் பிளவுக்கு அது. ஜப்பானின் எபினோ, 22.2 கிலோஹேர்ட்ஸ், வடகிழக்குத் திசை. ஒரு நிலையத்தில் மட்டும் அளந்து "பிளவு இல்லை" என்று எழுதுவது சரியில்லை, குறைந்தது இரண்டு நிலையத்திலாவது அளக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் தெரிகிறது என்றால் முட்கம்பி வேலி, மின்கம்பி, தண்டவாளம், நிலத்தடிக் குழாய். ஒவ்வொன்றையும் கொப்பியில் தூரத்தோடு எழுதுங்கள், பிறகு வடிகட்டி போட்ட படத்தில் அந்த இடங்களை அடித்துவிடுங்கள். ஆழத்தைப் பற்றியும் ஒன்று: 1000 ஓம் மீற்றர் கல்லில் 18.2 கிலோஹேர்ட்ஸ் அலை 118 மீற்றர் இறங்கித்தான் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேயும், 10 ஓம் மீற்றர் களியிலோ உவர்நிலத்திலோ 12 மீற்றரிலேயே தேய்ந்துவிடும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணில் இதை வைத்துக் கீழே உள்ள கல்லைப் பார்க்க நினைக்காதீர்கள்.

அறிகுறி: காந்தமானி படத்துக்கும் மற்றவைக்கும் பொருத்தமே இல்லை

வன்னி மண்ணில் யுத்தம் விட்டுப்போன இரும்பு கிடக்கிறது. ஒரு மீற்றருக்குள் ஏறி இறங்கும் கூரான சிகரம் எல்லாம் மேலோட்ட இரும்பு, அதைத் தோண்டிப் பார்க்கப் போகாதீர்கள், சந்தேகமான பொருள் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துவிட்டு விலகி உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

அதைக் கழித்த பிறகும் படம் தலைகீழாகத் தெரிந்தால் காரணம் எங்கள் இடம். புவிக்காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் எங்களையும் அண்டித்தான் போகிறது, இங்கே புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடையாகக் கிடக்கிறது. ஐரோப்பாவில் காந்தப் பாறைக்கு நேர் மேலே உயர்வு வரும், இங்கே நேர் மேலே தாழ்வு வரும். தண்ணீர் பட்டு மக்னடைற் (காந்தத் தன்மையுள்ள கனிப்பொருள்) அழிந்த பிளவு அங்கே தாழ்வாகத் தெரிந்தால் இங்கே, கிழக்கு மேற்காக ஓடினால், உயர்வாகத் தெரியும். வடக்குத் தெற்காக ஓடினால் அநேகமாகத் தெரியவே தெரியாது. வேறு நாட்டு உதாரணத்தைப் பார்த்து விளக்கம் எழுதுபவர்கள் இதில் வழுக்குகிறார்கள். நண்பகலில் வானத்து மின்னோட்டத்தால் புலம் நூறு நானோ டெஸ்லா அளவுக்குக்கூட மாறும், அதனால் ஓரிடத்தில் நிலையான காந்தமானி ஒன்று முழு நேரமும் பதிய வேண்டும். இரண்டாவது கருவி இல்லை என்றால் காலை ஏழில் இருந்து ஒன்பதுக்குள் முடித்து, இடைக்கிடை தொடங்கிய புள்ளிக்கே வந்து அளவிடுங்கள்.

அறிகுறி: பிளவு இருக்கிற இடம் சரி, துளை அதைப் பிடிக்கவில்லை

பிளவு செங்குத்தாக இறங்குகிறது என்று எண்ணி மேலே தெரியும் கோட்டிலேயே துளைத்தால் சில மீற்றரில் அதை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அதன் சரிவு 60 பாகை என்றால் 40 மீற்றர் ஆழத்தில் அதைச் சந்திக்க, சரியும் பக்கமாக 23 மீற்றர் தள்ளி நின்று துளைக்க வேண்டும். 80 பாகை என்றால் 7 மீற்றர் போதும். 45 என்றால் 40 மீற்றர். சரிவை எப்படி அறிவது? குவாரி முகமே உங்களுக்குத் திறந்து கிடக்கிறது. உள்ளே இறங்க அனுமதி வாங்கி, எந்த வெடிப்பில் ஈரமும் துருக்கறையும் இருக்கிறது என்று பார்த்து, அதன் திசையையும் சரிவையும் திசைகாட்டியால் அளவிடுங்கள். காய்ந்த வெடிப்பு நூறு இருக்கும், துருக்கறை உள்ளது இரண்டோ மூன்றோ இருக்கும், அவைதான் உங்களுக்கு வேண்டியவை. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கருவியைத் திறக்கிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

அறிகுறி: ஊர்க் கிணறும் குவாரியும் தொடுப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை

தண்ணீர் கசியும் வெடிப்பிலேயே ஒரு மின்வாயை வையுங்கள், மற்றதைப் பல நூறு மீற்றர் தூரத்தில் வையுங்கள். ஓட்டத்தை ஏற்றி, ஊர்ப் பக்கம் முழுக்க அழுத்தத்தை அளந்து சம அழுத்தக் கோடு வரையுங்கள். அந்தக் கோடுகள் வட்டமாக வந்தால் தொடர்ச்சி இல்லை. ஒரு பக்கமாக நீண்டு இழுத்துக்கொண்டு போனால் அந்தத் திசையில் கடத்தும் வலயம் ஓடுகிறது. இதுவும் மின்சாரத் தொடர்ச்சியைத்தான் காட்டும், களியும் கடத்தும். ஆகவே கூடவே நீர்மட்டம் அளக்க வேண்டும். குவாரியில் இறைக்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்து, கிணறுகளில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாடா இறக்கி எழுதுங்கள், இறைப்பு நின்ற பிறகும் எழுதுங்கள். கோட்டில் உள்ள கிணறு இறங்கி, கோட்டுக்கு வெளியே அதே தூரத்தில் உள்ள கிணறு அசையாமல் நின்றால் வாதத்துக்கு இடமில்லை. மழை பெய்த நாட்களை விலக்குங்கள். உப்போ சாயமோ போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆட்கள் குடிக்கும் கிணற்றை அண்டி அதைச் செய்யாதீர்கள்.

தொடுப்பு உறுதியானால் அளவீட்டு மூலத்தாள்களின் பிரதியை ஊர்ச் சங்கத்துக்கும் கொடுங்கள். குவாரி உரிமம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் கொடுப்பது, முறைப்பாடு அங்கே போகும்போது வாய்ப்பேச்சை விட எண் உள்ள தாள் நிற்கும். பிளவில் நல்ல தண்ணீர் கிடைத்துக் குடிக்க எடுக்கப் போகிறார்கள் என்றால் புளோரைட்டைச் சோதியுங்கள். வவுனியாவில் கல்லுக்குள் இருந்து வரும் தண்ணீரில் அது கூடுதலாக உள்ள கிணறுகள் இருக்கின்றன. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, அதைத் தாண்டினால் தோட்டத்துக்கு விடுங்கள், பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: இரண்டு பேர் அளந்தார்கள், இரண்டு முடிவு

திகதியைப் பாருங்கள். ஒருவர் மாசியிலும் மற்றவர் ஆவணியிலும் அளந்திருந்தால் மேல்மண்ணின் எண் வேறாக வரத்தான் செய்யும், கீழே உள்ள கல்லின் எண் அவ்வளவு மாறக்கூடாது. அடுத்துக் கோட்டின் திசை, அடுத்து உள் மின்வாய் இடைவெளி, அடுத்து ஜி.பி.எஸ். இடம். கைப்பேசி ஜி.பி.எஸ். மரநிழலில் பத்து மீற்றர் தவறலாம், நீங்கள் தேடும் பிளவு அதைவிட ஒடுக்கமாக இருக்கலாம். இவை நான்கும் சரியாக இருந்தும் முரண்பட்டால் இரண்டு குழுவும் ஒரே நாளில், ஒரே கோட்டில், ஒரே கம்பிகளில் தங்கள் கருவியை மாற்றி மாற்றிப் பூட்டி அளக்கட்டும். ஒரு காலை நேரம் போதும், துளை இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முதல்நாள் இதைச் செய்துவிடுங்கள்.